கடலுக்கு எத்தனை பஸ் மாற வேண்டும்?

(மாநகரங்களின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப்போய் சர்ஃபிங் (பலகையில் ஏறி அலைமேல் சறுக்குவது) கற்றுத்தருவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில.)

கேள்வி: கடலுக்கு டிக்கெட் கிடையாது, கதவும் கிடையாது. போக நினைத்தால் யார் வேண்டுமானாலும் போகலாம். இதற்கு எதற்கு ஒரு அமைப்பு, நன்கொடை, தன்னார்வலர் எல்லாம்?

பதில்: கதவு கிடையாது என்பது சட்டப்படி சரிதான். கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அலை நனைக்கும் மணல் பொதுச் சொத்து. 1976-ல் வந்த கடலோரச் சட்டம், மக்கள் கடலுக்குப் போகும் வழியையும் காப்பாற்றச் சொல்கிறது. அப்படியும் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில், கடலுக்கு 20, 25 கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, ஒருமுறைகூட அலையில் கால் நனைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டில் கார் இருக்காது, இருந்தாலும் சனிக்கிழமை அது அம்மாவோடு வேலைக்குப் போயிருக்கும். பஸ்ஸில் போகலாம் என்றால் இரண்டு மூன்று மாற வேண்டும், எட்டடி நீள போர்டைத் தூக்கிக்கொண்டு எதில் ஏறுவது?

சரி, இந்தத் தூரம் எப்படி வந்தது? 1912-ல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண்மணி லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து மன்ஹாட்டன் பீச்சில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு மனை வாங்கினார். அவரும் கணவர் சார்லஸும் சேர்ந்து, கறுப்பின மக்கள் வந்து குளித்து இளைப்பாற அங்கே ஒரு விடுதி நடத்தினார்கள். 1924-ல் பூங்கா கட்டப்போகிறோம் என்று நகர நிர்வாகம் நிலத்தைக் கையகப்படுத்தும் வேலையில் இறங்கியது, கட்டடங்களும் இடிக்கப்பட்டன. பூங்கா? அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அந்த மனை சும்மாதான் கிடந்தது. நிலம் வாரிசுகளின் கைக்குத் திரும்பியது 2022-ல். இடைப்பட்ட காலத்தில் கடலோரத்தில் வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் வேறெங்கோ வளர்ந்து முடித்துவிட்டார்கள்.

அதே கடற்கரையோரத்தில் நிக் கபல்டோன் என்று ஒரு கறுப்பின இளைஞர். சான்டா மோனிகாவில் கறுப்பின மக்கள் கூடும் துண்டு மணலில் சர்ஃபிங் பழகியவர். நல்ல அலை மாலிபுவில்தான், அதனால் போர்டில் படுத்துக் கையாலேயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு சுமார் 12 மைல் கடலோடு போவாராம். 1951-ல் மாலிபு கடல்பாலத்தின் தூணில் மோதி இறந்தபோது அவருக்கு வயது 24.

தென்னாப்பிரிக்காவில் ஒளிவுமறைவே இல்லை. எந்த நிறத்தவர் எந்த மணலில் நிற்கலாம் என்று எழுதியே வைத்திருந்தார்கள். அதற்கு வழிசெய்த 1953-ஆம் வருடச் சட்டம் ரத்தானது 1990-ல். இன்று அங்கே போர்டில் ஏறும் சிறுவனின் பாட்டி, அந்த அறிவிப்பைப் படித்து வளர்ந்தவர். அறிவிப்பைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் பாட்டி, அம்மா, பேரன் என்று இறங்கி வந்திருக்கும் 'அது நமக்கான இடம் இல்லை' என்ற நினைப்பை எதை வைத்துக் கழற்றுவது? உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த 'போக நினைத்தால்' இருக்கிறதே, சிக்கலே அங்கேதான்.

கேள்வி: நீச்சலே தெரியாத பிள்ளைகளைக் கடலில் இறக்குவது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லையா?

பதில்: படுகிறது. நீச்சல் தெரியாமல் நேராக அலைக்குள் தள்ளும் ஆட்களிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள். உலகம் முழுக்க 2021-ல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் 29 வயதுக்குக் கீழ். அமெரிக்காவில் 2017-ல் நடந்த ஆய்வில் கறுப்பினப் பிள்ளைகளில் 64 சதவீதம் பேருக்கு நீச்சல் தெரியவே தெரியாது, அல்லது அரைகுறை. வருமானம் குறைந்த வீடுகளில் இது 79 சதவீதம். காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். 1960-களில், எல்லா நிறத்தவரையும் ஒரே குளத்தில் விடு என்று நீதிமன்றம் சொன்னதும், மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் தன் பொது நீச்சல் குளங்களை மூடிவிட்டது. யாருக்கும் கிடையாது, போ! 1971-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றும் சொன்னது. குளம் இல்லாத ஊரில் அப்பாவுக்கு நீச்சல் வராது, அப்பாவுக்கு வராவிட்டால் பிள்ளைக்கு வருவது அபூர்வம்.

அதனால் ஒழுங்காக நடத்துபவர்கள் முதலில் குளத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். மல்லாந்து மிதப்பது, மூச்சை அடக்குவது, தண்ணீர் முகத்தில் அறைந்தாலும் பதறாமல் இருப்பது. அப்புறம் கடலில், இடுப்பளவு தண்ணீரில், உடைந்து நுரையாக வரும் அலையில் மட்டும். போர்டும் மெத்தென்ற ஃபோம் போர்டு, மண்டையில் பட்டாலும் காயம் குறைவு. கணுக்காலில் கட்டும் கயிறு உண்டு, ஆனால் அது அறுந்துவிடும் என்று வைத்துக்கொண்டுதான் பயிற்சி தர வேண்டும், போர்டை மிதவையாக நம்பி நீச்சலைத் தள்ளிப்போடுவது ஆபத்து. ரிப் கரண்ட் எனும் இழுப்பு நீரோட்டத்தைக் கரையில் நிற்கும்போதே காட்டித்தர வேண்டும். சுற்றிலும் நுரை பொங்க நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரியும், புதிதாக வருபவர் அதைத்தான் பத்திரமான இடம் என்று நினைப்பார். வேகமான இழுப்பு நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகும், ஒலிம்பிக் நீச்சல்காரரே எதிர்த்து ஜெயிக்க முடியாது. மாட்டிக்கொண்டால் மிதக்க வேண்டும், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். சர்ஃபிங் வராவிட்டாலும் இதைக் கற்றுக்கொண்ட பிள்ளை லாபத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: சாப்பாட்டுக்கும் படிப்புக்குமே வழியில்லாத பிள்ளைக்கு இந்த ஆடம்பரம் தேவையா?

பதில்: டென்னிஸ் வகுப்புக்குப் போகும் பணக்காரப் பிள்ளையிடம் இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்கிறார்களா?

கேப் டவுனில் 'வேவ்ஸ் ஃபார் சேஞ்ச்' என்ற அமைப்பு, வன்முறை மலிந்த குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு சர்ஃபிங்கையும் மனநல உதவியையும் சேர்த்தே தருகிறது. எனக்குப் பிடித்த விஷயம், பயிற்சி தருபவர்கள் அந்தப் பிள்ளைகளின் பகுதிகளிலிருந்தே வரும் இளைஞர்கள். இங்கிலாந்தில் 2010-ல் கார்ன்வாலில் தொடங்கிய 'தி வேவ் ப்ராஜெக்ட்' மனச்சோர்வும் பதற்றமும் உள்ள பிள்ளைகளுக்கு 6 வாரப் பயிற்சி நடத்துகிறது, ஒரு பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர். இரண்டிலுமே அலையைவிட, போன வாரம் வந்த அதே ஆள் இந்த வாரமும் வந்து நிற்பதுதான் பாதி வேலையைச் செய்கிறது என்று நான் நினைக்கிறேன். மீதிப் பாதி அலையுடையது. தடுமாறி விழுந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள், விழுந்தவனும் சிரிக்கிறான். பள்ளிக்கூடத்தில் தோற்பதற்கு அப்படி ஒரு மரியாதை கிடைப்பதில்லை.

கேள்வி: ஒலிம்பிக்கில் முதல் சர்ஃபிங் தங்கம் வாங்கிய பிரேசில்காரர் ஏழைதானே? திறமை இருந்தால் தானாக மேலே வராதா?

பதில்: இடாலோ ஃபெரேரா. அப்பா மீன் விற்பவர், மீன் வைக்கும் ஃபோம் பெட்டியின் மூடிதான் மகனுக்கு முதல் போர்டு. அருமையான கதை, ஆனால் அந்த வீடு கடலோர ஊரில் இருந்தது. மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அலை. அதே பையனைக் கடலிலிருந்து மூன்று பஸ் தள்ளி வைத்துப் பாருங்கள், மூடி மூடியாகவே இருந்திருக்கும்.

கேள்வி: செயற்கை அலைக் குளங்கள்தான் வந்துவிட்டனவே, நகரத்துக்குள்ளேயே ஒன்று கட்டிவிட்டால்?

பதில்: கட்டுவதும் ஓட்டுவதும் பயங்கரச் செலவு, கடைசியில் அது கட்டணத்தில்தான் வந்து விழும். கடலுக்காவது டிக்கெட் கிடையாது என்று முதல் வாசகரே சொல்லிவிட்டார். அந்தப் பணத்தில் எத்தனை வேன் ஓட்டலாம்!

கேள்வி: எங்கள் அலுவலகம் சார்பில் நூறு பிள்ளைகளை ஒரு நாள் கடலுக்கு அழைத்துப்போகிறோம். டீ-ஷர்ட் அடித்தாயிற்று. வேறென்ன செய்யலாம்?

பதில்: எண்ணிக்கையைக் குறையுங்கள். நூறு பேருக்கு ஒரு நாள் என்பதை, பன்னிரண்டு பேருக்கு ஒரு பருவம் முழுக்க என்று மாற்ற முடியுமா பாருங்கள். போட்டோ சுமாராகத்தான் வரும், பரவாயில்லை. டீ-ஷர்ட் காசில் வெட்சூட் (குளிர்ந்த நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) வாங்குங்கள், சின்ன சைஸ், பெரிய சைஸ் எல்லாம் கலந்து. தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால், வெட்சூட் இல்லாத ஒல்லிப் பிள்ளை கொஞ்ச நேரத்தில் உதடு நீலமாகிக் கரையேறிவிடும், அப்புறம் கூப்பிட்டாலும் வராது. மாற்றுத் துணியும் துண்டும் நீங்களே கொண்டுபோங்கள், கொண்டு வரச் சொன்னால் இல்லாத பிள்ளை அன்று வயிற்றுவலி என்று நின்றுவிடும். பெண் பிள்ளைகள் உடை மாற்ற மறைவான இடம் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள். ஆஸ்துமா யாருக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாரம் அம்மா அப்பாவையும் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள், அவர்கள் கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்த வாரம் பிள்ளையை அனுப்பப்போவது அவர்கள்தானே.