மொறிஸ் மைனர் கதவுப் பிணைச்சல்: கறள் பிடித்த ஸ்குரூ

வணக்கம் அண்ணை. முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்ற உங்கள் பழைய மொறிஸ் மைனர் காரின் கதவுப் பிணைச்சல் ஸ்குரூ அசையவில்லை, ஒன்றின் தலையும் வழுக்கிவிட்டது என்றீர்கள். வெறும் திருப்புளியால் இனித் தொடவே வேண்டாம், மற்றத் தலைகளும் போய்விடும். முதலில் ஊசியால் தலைப் பள்ளத்திலுள்ள பெயின்றையும் கறளையும் கிண்டி எடுங்கள். திருப்புளி முனை பள்ளத்தின் அடிவரை இறங்காவிட்டால் ஒன்றும் பலிக்காது. அப்புறம் கறளை இளக்கும் டபிள்யூடி-40 எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும்.

காலையில் கதவுக்கு ஜக் முட்டுக் கொடுத்து, இம்பாக்ட் டிரைவரை, அதாவது பின்னால் அடித்தால் முனை திரும்பும் திருப்புளியை, வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். அந்த அடிதான் கறளை உடைக்கும். கொஞ்சம் அசைந்தால் இறுக்கியும் தளர்த்தியும் மெல்ல எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் முறியும். வழுக்கினதில் தலையை மட்டும் ட்ரில் பண்ணுங்கள். பிணைச்சல் கழன்றதும் வெளியே நிற்கும் ஸ்குரூத் தண்டை வைஸ் கிறிப்பால் (இறுக்கிப் பூட்டும் குறடு) பிடித்துத் திருப்பலாம். திரும்பப் பூட்டும்போது கிறீஸ் பூசுங்கள், உங்கள் பக்கத்து உப்புக்காற்று சும்மா விடாது.