பால் கொடுக்கும்போது கரு தங்குமா? காப்பர் டி பாதுகாப்பானதா?

கேள்வி: எனக்கு 28 வயது. 5 மாதங்களுக்கு முன் சிசேரியனில் முதல் குழந்தை பிறந்தது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு டெஸ்ட் எடுக்கவில்லை. ஹீமோகுளோபின் 9.8. மாதவிலக்கு இன்னும் வரவில்லை. தாய்ப்பால்தான் தருகிறேன், ராத்திரி மட்டும் கேழ்வரகுக் கூழ். "பால் குடிக்கிற வரைக்கும் கரு தங்காது" என்கிறார் மாமியார். கணவர் அவ்வப்போது அவசர மாத்திரை வாங்கி வருகிறார். கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி போட்டால் அது நெஞ்சு வரை ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். என் எடை 74 கிலோ, அதையும் குறைக்க வேண்டும். அடுத்த குழந்தைக்கு இரண்டு மூன்று வருடம் போகட்டும் என்று நினைக்கிறோம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கார்டு போதும். காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். இல்லை என்று வந்தாலும், கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்த நாளிலிருந்து 3 வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை.

மாமியார் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், மாதவிலக்கு திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் 98 சதவீதம் வரை பாதுகாப்பு உண்டு. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ராத்திரிக் கூழ் வந்ததுமே உங்களுக்கு அந்தக் கணக்கு தவறிவிட்டது. (5 மாதக் குழந்தைக்குக் கூழ் வேண்டியதே இல்லை. 6 மாதம் முடியட்டும்.) மாதவிலக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். முதலில் கருமுட்டை வெளியாகும். சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு. அந்த இடைவெளியில் கர்ப்பமாகி, ஸ்கேனில் தெரிந்து திகைப்பவர்கள் நிறைய.

அவசர மாத்திரை, பெயருக்கேற்ப, அவசரத்துக்கு மட்டும். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எடை 70 கிலோவைத் தாண்டினால் அதன் பலன் குறையலாம். உங்கள் எடை 74.

கருத்தடையையும் எடையையும் இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றுதான். சிசேரியன் தையல் நன்றாக ஆற அவகாசம் வேண்டும்; சீக்கிரமே அடுத்த கர்ப்பம் வந்தால் பிரசவ வலியின்போது அந்த இடம் விட்டுப்போகும் அபாயம் கூடும். பிரசவத்துக்குப் பிறகு 24 மாதமாவது கழித்துக் கருத்தரிப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களில், அதுவும் எடை கூடியவர்களில், கணிசமானோருக்குப் பின்னாளில் நிரந்தரமாகவே வந்துவிடும். அது தெரியாமல் அடுத்த கரு தங்கினால், குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் 8 வாரங்கள் அதிக சர்க்கரையிலேயே கழியும். பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கிற டெஸ்டை எடுத்திருக்க வேண்டும். இப்போதாவது எடுங்கள், இந்த வாரமே.

எந்த முறை? உங்களுக்கு என் முதல் தேர்வு காப்பர் டி. ஹார்மோன் கிடையாது, தாய்ப்பாலைப் பாதிக்காது, எடையும் ஏறாது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். 5 வருட வகையும் உண்டு, 10 வருட வகையும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், அடுத்த மாதமே கருத்தரிக்கவும் முடியும். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கலாம். பால் கொடுப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு சற்று கூடுதல் என்பதால், போட்டுப் பழகிய கையாகப் பார்த்துப் போடுங்கள். தானாக வெளியே வந்துவிடுவதும் சிலருக்கு உண்டு. அதனால்தான் முதல் மாதவிலக்கு முடிந்ததும் ஒருமுறை வந்து காட்டச் சொல்கிறோம்.

இடிப்பது ஒன்றுதான்: உங்கள் ரத்த அளவு. காப்பர் டி போட்ட முதல் சில மாதங்களில் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடும். 9.8 இருக்கும்போது போடக் கூடாது என்றில்லை. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போட வேண்டும். அது கஷ்டம் என்றால் சாயா என்ற கருத்தடை மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அது, ஸ்டீராய்டு இல்லை. முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. மாதவிலக்கு தள்ளிப்போகும், உதிரப்போக்கு குறையும். ரத்தசோகைக்கு அது நல்லதே. சினைப்பை நீர்க்கட்டி, கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். நாள் மறக்கிறவர்களுக்கும் இது சரிவராது.

3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சிலருக்கு எடை கூடுகிறது. நிறுத்திய பிறகு கருத்தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். மாலா-என் போன்ற தினசரி கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் இருப்பதால், தாய்ப்பால் தருபவர்களுக்கு முதல் 6 மாதம் வேண்டாம்.

இனி எடை. பால் கொடுக்கிற உடம்புக்குத் தினமும் ஏறக்குறைய 600 கலோரி அதிகம் தேவை, அதனால் பட்டினி வேண்டாம். பிள்ளை பெற்றவள் என்று நெய்யும் சோறுமாகத் தட்டு நிறைவதுதான் பிரச்சினை. மதியச் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காய், கீரை, பருப்பு; கூடவே முட்டையோ மீனோ. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். சாப்பிட்டதும் 15 நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். நாளுக்கு இரண்டு தடவை நடந்தால் 30 நிமிடம் ஆகிவிடும். மாதம் 1 முதல் 2 கிலோ குறைந்தால் போதும். வயிற்றில் கட்டும் பெல்ட் கொழுப்பைக் கரைக்காது. இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள். டீ, காபி, பால் எதனுடனும் வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும்.

கணவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, சர்க்கரை ரிப்போர்ட், ஹீமோகுளோபின் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், அடுத்த குழந்தைக்குத் தயாராகும்போது நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். முதலில் 3 மாத சராசரிச் சர்க்கரை டெஸ்ட் எடுத்து, ஃபோலிக் ஆசிட் தொடங்கிய பிறகு காப்பர் டியை எடுக்கலாம்.