சோக் எடுத்தால் நின்றுபோகும் பைக்

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய பைக். காலையில் சோக் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்த கையோடு நின்றுபோகிறது. ஓடிச் சூடாகிவிட்டால் ஒரு குறையும் இல்லை. இன்ஜினுக்கு வயசாகிவிட்டது, பிரித்து போர் வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்திருந்தால் ஆயில் குறையும், நீலப் புகை வரும், சூடான பிறகும் இழுவை சரியாக இருக்காது. உங்கள் வண்டிக்குக் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் போதவில்லை, அவ்வளவுதான்.

பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது உள்ளே போகிற பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் இன்டேக் பாதையின் சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் தருவதுதான் சோக்கின் வேலை. நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு அது சிறிது நேரம் போதும். எடுத்ததுமே நிற்கிறது என்றால், சோக் இல்லாத சமயத்தில் ஐடிலுக்கு, அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல் இன்ஜின் ஓடுவதற்கு, பெட்ரோல் தரவேண்டிய பைலட் ஜெட்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். சிலர் இதை ஸ்லோ ஜெட் என்பார்கள். அதன் துளை பல பைக்குகளில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, வண்டி சில வாரம் சும்மா நின்றால் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி ஒன்று படிந்து அதை அடைத்துவிடும், முழுக்க அடைக்கக்கூட வேண்டாம், பாதி அடைத்தாலே காலையில் இந்தத் தகராறு வந்துவிடும். ஜெட்டைக் கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், துளை சுத்தமான வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசி, கம்பி எதையும் உள்ளே விடக்கூடாது. பித்தளை மெத்தென்ற உலோகம், துளை பெரிதாகிவிட்டால் வேறு ஜெட்தான் வாங்க வேண்டும். கார்புரேட்டர் உடம்பில் இருக்கிற சின்னச் சின்ன வழிகளையும் ஊதிவிடுங்கள், பாதிப் பேர் ஜெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஜெட் சுத்தம், ஆனாலும் நிற்கிறது என்றால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரைப் பாருங்கள். பழைய ரப்பர் விறைத்து வெடித்திருக்கும், அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் கண்ணுக்குத் தெரியும்.

பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றுகிற மிக்சர் ஸ்க்ரூவுக்குக் கடைசியாக வாருங்கள், அதுவும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. அந்த ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் பொதுவாகத் திறக்கத் திறக்கப் பெட்ரோல் கூடும், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் திறக்கத் திறக்கக் காற்று கூடும். இது தெரியாமல் திருகி வண்டியைக் கெடுப்பவர்கள்தான் அதிகம். இன்னும் சிலர் எதையும் பார்க்காமல் ஐடில் ஸ்பீடை மட்டும் ஏற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்பார்கள். சூடானதும் வண்டி கத்தும்போது தெரியும் சரியானதா இல்லையா என்று.

கேள்வி: சோக்கும் போட்டு ஆக்சிலேட்டரையும் முறுக்கிக்கொண்டுதான் கிக் அடிக்கிறேன். அப்படியும் எடுக்கவில்லையே?

பதில்: முறுக்குவதை நிறுத்திப் பாருங்கள்! பல பைக்குகளில் சோக் என்பது காற்றை மறைக்கும் தகடு இல்லை, கூடுதல் பெட்ரோலுக்கான தனி வழி. இன்ஜினின் உறிஞ்சல் பலமாக இருந்தால்தான் அதில் பெட்ரோல் வரும், ஆக்சிலேட்டரைத் திறந்ததும் அந்த உறிஞ்சல் போய்விடுகிறது. தகடு வைத்த சோக் என்றால் லேசாக முறுக்குவதில் தப்பில்லை. ரொம்ப நேரம் அடித்துப் பெட்ரோல் வாசனை வர ஆரம்பித்துவிட்டால் கதை வேறு: சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்துச் சில கிக் அடியுங்கள். அப்புறமும் முடியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைப்பதுதான் வழி.

கேள்வி: கிளம்புவதற்கு முன் எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்?

பதில்: அரை நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிஷம். பிறகு முறுக்காமல் நிதானமாக ஓட்டுங்கள், நிற்க வைப்பதைவிட ஓட்டும்போதுதான் சீக்கிரம் சூடாகும். சோக் போட்டபடியே நெடுநேரம் நிறுத்தி வைத்தால் பிளக் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும்.

கேள்வி: என் பைக்கில் டேப்பட் சத்தமே கிடையாது, அவ்வளவு அமைதி. ஆனால் காலையில் மட்டும் நிறைய கிக் வாங்குகிறது. கார்புரேட்டரை ஏற்கெனவே சுத்தம் செய்தாயிற்று.

பதில்: அந்த அமைதிதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்வாங்க உள்வாங்க டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் சின்னச் சந்து, குறையும், அதனால் சத்தமும் குறையும். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், அது முதலில் உறைப்பது குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான். போதாக்குறைக்கு எக்ஸாஸ்ட் வால்வு கருகியும் போகலாம். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, பிஸ்டன் கம்ப்ரஷன் முடிந்து மேலே நிற்கும் நிலையில், ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு அளக்கச் சொல்லுங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் மேனுவலில் போட்டிருப்பதை வையுங்கள். லேசாக டிக் டிக் என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.