வாசித்துப் பிழைக்க முடியுமா? சில கேள்விகள், பதில்கள்

பேஸ் கிட்டார் வாசித்தே 21 வருடம் ஓட்டிவிட்டேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இசையில் இறங்கலாமா?

இப்போதே விடாதீர்கள். வாசிப்பில் வருவது, வகுப்பில் வருவது இரண்டையும் ஒரு வருடம் நோட்டில் எழுதி வாருங்கள். கச்சேரியே இல்லாத மாதங்களில் எவ்வளவு வந்தது என்று பாருங்கள். அந்த மாதங்களைக் கையிருப்பை வைத்துத் தாண்ட முடிந்தால் யோசிக்கலாம். எனக்கு இன்றும் பாதிக்கு மேல் வருமானம் சொல்லிக்கொடுப்பதில்தான்.

கேள்வி: அண்ணா, நன்றாக வாசிக்கிறேன் என்கிறார்கள், ஆனால் யாரும் கூப்பிடுவதில்லை.

முதல் வாய்ப்பு பெரும்பாலும் வேறு யாராவது வர முடியாமல் போகும்போதுதான் வரும். எனக்கும் அப்படித்தான். வழக்கமான ஆளுக்குக் காய்ச்சல். மதியம் 3 மணிக்கு போன், 7 மணிக்கு மேடை, 22 பாட்டு. பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, பாட்டுக்கு நாலு வரி எழுதினேன்: ஸ்கேல் (சுருதி), டெம்போ (வேகம்), முன்னிசை எத்தனை பார் (தாளச் சுற்று), எங்கே நிறுத்தம். பாடகிக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது, சவுண்ட் செக்கில் மூன்று பாட்டின் ஸ்கேலை இறக்கச் சொன்னார். கோர்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பெயரால் எழுதாமல் 1, 4, 5 என்று எண்ணால் எழுதியிருந்தேன். அதனால் மேலே இருந்த ஸ்கேலை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. ஒரு சோலோகூட வாசிக்கவில்லை. அடுத்த மாதம் அதே குழு மறுபடி கூப்பிட்டது.

நீங்கள் போட்டியாக நினைக்கும் இன்னொரு வாத்தியக்காரர்தான் உங்களுக்கு வேலை தரப்போகிறவர். அவரோடு பழகுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்ப என்ன தேவை?

24 பிட் வேவ் (WAV) ஃபைல். வீடியோவுக்கு என்றால் சாம்பிள் ரேட் பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸ், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். எஃபெக்ட் போட்டது ஒன்று, போடாதது ஒன்று அனுப்புங்கள். எல்லா ட்ராக்கும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கட்டும். இல்லாவிட்டால் மிக்ஸ் செய்பவர் உங்கள் வாசிப்பை எங்கே ஒட்டுவது என்று தேடிக்கொண்டிருப்பார். அவர் மறுபடி உங்களிடம் வர மாட்டார்.

கேள்வி: ராயல்டி வருமா?

மெட்டும் வரியும் ஒரு உரிமை, ஒலிப்பதிவு இன்னொரு உரிமை. சம்பளத்துக்கு வாசிப்பவருக்குப் பெரும்பாலும் ஒரே தடவைப் பணம்தான். மெட்டில் உங்கள் கை இருந்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ‘நம்ம பசங்கதானே’ என்று ஒரு முறை விட்டேன். பாட்டு நன்றாக ஓடியது. அதில் என் பெயர்கூட இல்லை.

கேள்வி: கச்சேரி முடிந்ததும் காதில் ‘ஙொய்’ என்று கேட்கிறது. பழகிவிடுமா?

பழகாது, கெடும். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் வரைதான் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம், அதாவது மூன்று நான்கு பாட்டு. டிரம்ஸ் பக்கத்தில் நிற்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு வேண்டாம், இசைக்காரர்களுக்கென்றே காதடைப்பான் கிடைக்கிறது. சத்தம் மறுநாளும் இருந்தால் அடுத்த ஒத்திகைக்கு முன் காது மருத்துவரைப் பாருங்கள்.