மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். தங்கைக்கும் பரிசோதனை தேவையா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறோம். என் மகனுக்கு 10 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. வாந்தியும் மூச்சிரைப்புமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த பிறகுதான் நோய் இன்னதென்று தெரிந்தது. இப்போது மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவிலிருந்து, நோய்த்தடுப்பு ஆய்வுக்காக 9 வயது மகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி அழைக்கிறார்கள். “ஆள் சேர்க்க நம் பிள்ளைதான் கிடைத்தாளா? நம் வம்சத்திலேயே இந்த நோய் கிடையாதே” என்று கணவர் கோபப்படுகிறார். நன்றாக ஓடியாடும் குழந்தையை ஏன் ஊசியால் குத்த வேண்டும் என்கிறார் மாமியார். எனக்கோ, தெரிந்துகொண்டால் தூக்கம் போய்விடுமோ என்ற பயம். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு ஆள் தேவைப்படுவது உண்மைதான். எவ்வளவு பேர் தேவைப்படுகிறார்கள் என்பது தெரிந்தால், உங்கள் வீட்டுக்கு ஏன் அழைப்பு வந்தது என்பதும் விளங்கும். 1994இல் வட அமெரிக்காவில் தொடங்கிய முதல் பெரிய தடுப்பு ஆய்வில், நோயாளிகளின் உறவினர்கள் 1,03,391 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 3,483 பேரின் இரத்தத்தில் நோயின் முன்னறிகுறி தென்பட்டது. மேலும் பல சோதனைகளுக்குப் பிறகு, தினமும் வாய்வழியாக இன்சுலின் கொடுத்துப் பார்த்த பிரிவில் சேர்க்கத் தகுதி பெற்றுச் சேர்ந்தவர்கள் 372 பேர் மட்டுமே. நோய் வருவதற்கு முன்பே தடுக்க வேண்டுமானால், அது வரக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்தாக வேண்டும். நோயாளியின் நெருங்கிய உறவினருக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 மடங்கு வாய்ப்பு இருப்பதால் தேடலும் அங்கேதான் தொடங்குகிறது. வம்சத்தில் இல்லை என்று அவர் சொல்வதும் சரியே. புதிதாக இந்த நோய் காணும் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் அண்ணனுக்கு வந்த பிறகு தங்கையின் கணக்கு மாறிவிடுகிறது.

அந்த அழைப்பில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்திருக்கின்றன: மகளின் இரத்தத்தைப் பரிசோதிக்கலாமா என்பது ஒன்று, அவளை ஒரு மருந்து ஆய்வில் சேர்க்கலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சம்மதம் சொல்வதால் இரண்டாவதற்குக் கட்டுப்பட்டவர்கள் ஆகிவிட மாட்டீர்கள். வீட்டில் எழும் சச்சரவில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவதுதான்.

முதல் கேள்விக்கு என் பதில், தயக்கமின்றி, ‘செய்யுங்கள்’ என்பதே. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கத் தொடங்கியிருந்தால், ஆட்டோ ஆன்டிபாடி எனப்படும் தன்னெதிர்ப்பொருள்கள் பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் முன்பே இரத்தத்தில் தென்படும். அமெரிக்க அரசின் நிதியில் இயங்கும் டிரையல்நெட் கூட்டமைப்பு, உறவினர்களுக்கு இந்தப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்கிறது; விரல் நுனியில் குத்தி, சில துளிகளைச் சிறு குழாயில் சேகரித்து வீட்டிலிருந்தே அனுப்பும் வசதியும் உண்டு. பரிசோதிக்கப்படும் உறவினர்களில் 100க்கு ஏறத்தாழ 5 பேருக்கே இவை காணப்படுகின்றன. ஆகவே உங்கள் மகளுக்கு ‘இல்லை’ என்று வரவே வாய்ப்பு மிக அதிகம். ஆனாலும் ஒருமுறை இல்லையென்றால் என்றைக்குமே இல்லை என்று பொருளில்லை. மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தன்னெதிர்ப்பொருள்கள் இருந்தால் நிலைமை வேறு. அத்தகைய குழந்தைகளில் 100க்கு 70 பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் நோய் வந்ததாக 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைக் கேட்கும் தாய்க்குத் தூக்கம் போகும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பதற்றம் பெரும்பாலான பெற்றோருக்கு நாளடைவில் தணிகிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. நான் எடை போடுவது இன்னொன்றை. உங்கள் மகன் வாந்தியும் மூச்சிரைப்புமாகச் சென்றது இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலத்தன்மை அடையும் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலையாகவே இருந்திருக்க வேண்டும். முன்கூட்டியே கண்டறியப்பட்டுக் கண்காணிப்பில் இருக்கும் குழந்தைகள், அந்த நிலைக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. எந்த மருந்தும் எடுக்காமல், எந்த ஆய்விலும் சேராமல் கிடைக்கும் பயன் இது. இதை உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்; பேரனை அந்த நிலையில் பார்த்தவருக்கு விரலில் ஒரு குத்து பெரிதாகத் தோன்றாது.

கண்காணிப்பு என்றால் என்ன என்பதையும் அறிந்திருங்கள். குழந்தை காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். கையில் ஒரு சிறு குழாய் பொருத்தி, திகட்டும் இனிப்புள்ள குளுக்கோஸ் நீரைக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு விட்டு இரத்தம் எடுப்பார்கள். 9 வயதுப் பிள்ளைக்கு அது நீண்ட காலைப்பொழுது. பள்ளியும் உங்கள் வேலையும் ஒருநாள் தடைப்படும்.

இரண்டாவது கேள்வி, தன்னெதிர்ப்பொருள்கள் இருப்பது உறுதியானால்தான் எழும். அதற்கு நான் முன்கூட்டியே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். தோற்றுப்போன தடுப்பு ஆய்வுகள் பல. நான் மேலே சொன்ன இன்சுலின் ஆய்வால் மொத்தத்தில் நோயைத் தள்ளிப்போட முடியவில்லை. ஐரோப்பாவை மையமாகக் கொண்டு, நிகோடினமைடு என்ற ஒருவகை வைட்டமினை 552 பேரைக் கொண்டு சோதித்த ஆய்வும் அவ்வாறே முடிந்தது. பிறகு, யேல் பல்கலைக்கழகத்தின் கெவன் ஹெரால்ட் தலைமையில், 76 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில் டெப்லிசுமாப் என்ற மருந்து பலன் தந்தது. 14 நாள்கள் தொடர்ந்து இரத்தக் குழாய் வழியே செலுத்தப்பட்ட அந்த மருந்து, நோய் வெளிப்படும் காலத்தை இடைநிலை அளவில் 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாகத் தள்ளிப்போட்டது என்று 2019இல் அறிவித்தார்கள். இரத்த வெள்ளணுக்கள் தற்காலிகமாகக் குறைதல், தோல் தடிப்பு, தலைவலி ஆகியவை அதன் பக்கவிளைவுகள். 2022 நவம்பரில் அமெரிக்க அரசு அதை, நோயின் இரண்டாம் நிலையில் (இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தன்னெதிர்ப்பொருள்களோடு சர்க்கரை அளவும் மாறத் தொடங்கி, ஆனால் அறிகுறிகள் இன்னும் வராத கட்டம்) உள்ள 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதித்தது. ஊசியும் சர்க்கரை அளவுமாகக் கழியும் இரவுகளை அறிந்த உங்களுக்கு, ஒரு குழந்தைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு ஆண்டுகளின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாத 76 பேர் சம்மதித்ததால்தான் அது இன்று கையில் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய அனைவரும் வெள்ளை இனத்தவர் என்பதால் நம்மைப் போன்ற குடும்பங்களும் ஆய்வுகளில் இடம்பெறுவது நல்லதென்று நான் கருதுகிறேன். ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கும் கடமையை உங்கள் மகளின் தலையில் யாரும் ஏற்றக் கூடாது.

அந்தக் கட்டம் வந்தால் சில விஷயங்களைக் கறாராகக் கேளுங்கள். மருந்தில்லாத பிளசீபோ பிரிவில் அவள் விழ எவ்வளவு வாய்ப்பு, இதே நிலைக்கு ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்து இருக்கும்போது இந்த ஆய்வு ஏன், இடையில் விலகினால் கண்காணிப்பு தொடருமா, முடிவுகள் அவளுடைய மருத்துவப் பதிவேட்டில் ஏறுமா என்பவை முக்கியம். முன்பே உள்ள நோயைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுக்க 2014 முதல் அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால் அதையும் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று கணவரோடு உட்கார்ந்து படியுங்கள். மகளின் சம்மதத்தையும் அவளுக்குப் புரியும் சொற்களில் கேட்பது அங்குள்ள நடைமுறை. அவள் வேண்டாம் என்றால் அதை மதியுங்கள்.

மகனிடமும் பேசுங்கள். தன்னால்தான் தங்கைக்கு ஊசி என்று அவன் மனத்துக்குள் வைத்துக் குமையக்கூடும். இது யாரும் யாருக்கும் கொடுத்த நோயில்லை என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை அழைப்பு வரும்போது, ‘இப்போதைக்குப் பரிசோதனை மட்டும், மற்றதைப் பிறகு பேசலாம்’ என்று சொல்லிவிடுங்கள். கணவர் இன்னும் உடன்படவில்லையென்றால், அவரையும் அழைத்துச் சென்று ஆய்வு மருத்துவரோடு நேரில் பேச நேரம் கேளுங்கள். நீங்கள் மறுத்தாலும் மகனின் சிகிச்சை எவ்வகையிலும் பாதிக்கப்படாது. ஒப்புதல் படிவத்திலேயே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படியும் யாராவது வற்புறுத்தினால், இனி அழைக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.