யாருடைய உடலைப் பணயம் வைத்து? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2025ஆம் ஆண்டு லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் நடந்த, ஆடை வடிவமைப்பாளரும் நிகழ்த்துகலைஞருமான லீ பௌரியைப் பற்றிய கண்காட்சியைப் பற்றித் தாங்கள் பாராட்டி எழுதியிருந்த குறிப்பை வாசித்தேன். என் மகள் அந்நகரில்தான் ஆடை வடிவமைப்பு படிக்கிறாள். அவளும் கண்காட்சிக்குப் போய்வந்து, தன் ஆய்வேட்டுக்கு இவரையே எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்கிறாள். அதன் பிறகுதான் நான் இவரைப் பற்றித் தேடிப் படித்தேன். குடல் கழுவிய நீரை மேடையிலிருந்து பார்வையாளர்மேல் பீய்ச்சியவர் என்றும், ரத்தம் வழிய ஒரு பெண்ணைப் 'பிரசவித்துக்' காட்டியவர் என்றும் அறிந்தபோது எனக்கு அருவருப்பே மிஞ்சியது. நம் நாடக மேடையில் ஸ்திரீபார்ட் நடிகர்கள் எத்தனை நளினத்தோடும் கண்ணியத்தோடும் பெண்வேடம் கட்டினார்கள்! முகம் சுளிக்க வைப்பதையெல்லாம் கலகம் என்று போற்றத் தொடங்கினால் அதற்கு எல்லை எங்கே இருக்கிறது? இதில் கலை என்று தாங்கள் எதைக் காண்கிறீர்கள்?

அன்புடன்,
ச., கோயம்புத்தூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

நீங்கள் முதலில் சொன்ன நிகழ்ச்சியை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. அது தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியிலிருந்த 'தி ஃபிரிட்ஜ்' என்ற அரங்கில், எய்ட்ஸ் நோயாளிகளுக்காக நிதி திரட்டிய ஓர் இரவில் நடந்தது. நண்பர்களை வரிசையாக இடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். அவர்களுடைய சம்மதத்தைக் கேட்காமல் அவர்கள்மேல் அழுக்கு நீரை வீசுவதற்கு எந்தக் கலைக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த ஓர் இரவைக் கொண்டு அவருடைய பதினான்கு ஆண்டுகால லண்டன் வாழ்க்கையை முழுவதுமாகத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. இத்தகைய கலைஞர்களைப் பற்றி யோசிக்கும்போது, அவர்கள் எத்தனை பேரை முகம் சுளிக்க வைத்தார்கள் என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அந்தச் செயலுக்காக யாருடைய உடல், யாருடைய மானம் பணயமாக வைக்கப்பட்டது என்றே பார்க்கிறேன். நீங்கள் கேட்கும் எல்லையும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்திரீபார்ட் நடிகர்களோடு அவரை ஒப்பிடுவது இருவருக்குமே பொருந்தாது. மேடையில் நிற்பவர் ஆண் என்பதையே பார்ப்பவர் மறந்துவிடும்படி நடையையும் குரலையும் கண்ணசைவையும் பழக்குவது ஸ்திரீபார்ட் நடிகரின் சாதனை. லீ பௌரி அப்படி யாரையும் எதையும் மறக்கவிடவில்லை. ஆறடிக்கு மேல் உயரமும் நல்ல பருமனும் கொண்ட அவர், ஒட்டுநாடாவால் தன் மார்புச் சதையை இறுக்கிக் கட்டிப் பெண்ணின் மார்பைப் போல எழுப்பிக்கொள்வார். அதே தோற்றத்தில் தலையோ முழுக்க மழிக்கப்பட்டிருக்கும். அல்லது உச்சியில் ஊற்றிய வண்ணம் நெற்றியிலும் கன்னத்திலும் ஒழுகி அப்படியே உறைந்திருக்கும். சில தோற்றங்களில் காதுகள் இருக்க வேண்டிய இடத்தில் மின்விளக்குகள் எரிந்தன. கன்னங்களில் துளையிட்டு, பெரிய ஊக்குகளைச் செருகி, அவற்றில் செயற்கை உதடுகளை மாட்டிக்கொண்டார். ஆண்கள் மிகையான பெண்வேடம் கட்டி நிகழ்த்தும் 'டிராக்' என்று இன்று நாம் தொலைக்காட்சியில் காணும் அழகுப்போட்டி வகையில் இதைச் சேர்க்க முடியாது. ஆண், பெண் என்ற வடிவங்களை மட்டுமல்லாமல், மனித உடல் இன்ன வடிவில்தான் இருக்கும் என்ற உறுதியையே அவர் குலைத்தார்.

மெல்போர்னின் புறநகரான சன்ஷைனில் 1961இல் பிறந்து, ஆடை வடிவமைப்புப் படிப்பைப் பாதியில் விட்டு, 1980இல் லண்டனுக்கு வந்தவர் அவர். வந்த புதிதில் பர்கர் கிங் உணவகத்தில் வேலை பார்த்தார். பின்னர் கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில், ஃபாரெல் ஹவுஸ் என்ற அரசுக் குடியிருப்பின் அடுக்ககத்தில் தையல் இயந்திரத்தோடு குடியேறினார். 1985 ஜனவரியில் லெஸ்டர் சதுக்கத்தில் 'டாபூ' என்ற வாராந்திர இரவு விடுதி தொடங்கியபோது, அதன் முகமாக இருந்தவர் அவரே. வாசலில் நின்றவர் வருபவரின் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்து, உங்களை நீங்களே உள்ளே விடுவீர்களா என்று கேட்பார் என்பது அந்த விடுதியைப் பற்றி இன்றும் பலர் சொல்லும் செய்தி. அவ்விடுதி அடுத்த ஆண்டே மூடப்பட்டது. வாசலில் நின்ற அந்த மனிதரும், பௌரியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த நெருங்கிய நண்பரும் 1986இல் போதைப்பொருளால் இறந்தார்கள். அந்தக் கொண்டாட்டத்தை மட்டும் எழுதிவிட்டு இந்தச் சாவுகளை எழுதாமல் விடுபவர்களை நான் நம்புவதில்லை.

கலை என்று எதைக் காண்கிறீர்கள் என்று கேட்டீர்கள். 1988இல் லண்டனின் அந்தோனி டோஃபே கலைக்கூடத்தில் அவர் நிகழ்த்தியதை முதலில் சொல்வேன். அறையின் நடுவே ஒரு பெரிய கண்ணாடித் தடுப்பு. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஊடே தெரியும். மறுபக்கத்தில் அது முகம்பார்க்கும் கண்ணாடி. சாய்விருக்கை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வாரம் நாள்தோறும் வெவ்வேறு உடையில் அவர் அந்தப் பக்கம் இருந்தார். பார்க்க வந்தவர்கள் இந்தப் பக்கம் நின்றார்கள். அவருக்கு அவர்கள் தெரியவில்லை. தன் பிம்பம் மட்டுமே தெரிந்தது. படுத்தார், புரண்டார், எழுந்து நின்று தன்னையே உற்றுப் பார்த்தார். ஒலிபெருக்கியில் பதிவு செய்யப்பட்ட சாலை இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை, எவர்மேலும் எதையும் வீசவில்லை. வேடிக்கை பார்க்கப்படுவதற்கென்றே தன்னை அவர் முழுமையாக ஒப்புக்கொடுத்தபோது, பார்ப்பவர்கள் தாங்கள் எதற்காக இப்படி உற்றுப் பார்க்கிறோம் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு எத்தகையது என்பதையும் நினைத்துப் பாருங்கள். உள்ளாட்சி அமைப்புகள் ஒருபாலுறவை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று தடுத்த சட்டப்பிரிவு 28, தாட்சர் ஆட்சியில் 1988 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எய்ட்ஸைக் கடவுளின் தண்டனை என்று பேசியவர்கள் இருந்தார்கள். மலிவுப் பத்திரிகைகள் நோயாளிகளையே குற்றவாளிகளாக்கி எழுதின. ஒருபாலுறவு ஆண்களின் உடல் அசிங்கமானது, தொற்றக்கூடியது, கண்ணுக்குப் படாமல் ஒளித்துவைக்கப்பட வேண்டியது என்று ஒரு நாடே சொல்லிக்கொண்டிருந்தபோது, தன் பருத்த உடலைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைத்து, பாருங்கள் என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு இருந்தது. அதை ஆபாசம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓவியர் லூசியன் ஃபிராய்ட் அவரை வரையத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். வேடங்கள் அனைத்தையும் களைந்து, முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் அவருடைய நிர்வாண ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தத் துணிவு அவரோடு தொடங்கியதும் அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து நியூயார்க்குக்கு வந்து, 1969இல் காவல்துறைக்கு எதிராக ஒருபாலுறவினர் அங்கே நடத்திய ஸ்டோன்வால் கலவரத்தில் தெருவில் நின்ற ஜெய்ன் கௌண்டி, பங்க் இசை என்ற பெயர் பரவுவதற்கு முன்பே பெண்ணுடையிலும் பிரமாண்டமான பொய்முடியிலும் ராக் இசைக்குழு நடத்தியவர். 1976இல் நியூயார்க்கின் சிபிஜிபி என்ற இசை அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோது தன்னை ஏளனம் செய்த வேறொரு குழுவின் பாடகரை ஒலிவாங்கித் தாங்கியால் அடித்தார். அந்தப் பாடகரின் காறையெலும்பு முறிந்தது. கௌண்டி கைதும் ஆனார். அந்த அடியை நான் புகழவில்லை. ஆனால் பெண்ணுடையில் மேடையேறுபவர் எதைக் கேட்டுக்கொண்டும் பணிந்து நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை அந்த இரவு காட்டிவிட்டது. 1979இல் தன்னைத் திருநங்கையாக வெளிப்படுத்திக்கொண்ட அவர், இசைத்துறையில் தனக்குரிய இடத்தையும் வருமானத்தையும் வெகுகாலம் பெறவே இல்லை. கலகத்துக்கான விலையை அவர் தன் கையிலிருந்தே கொடுத்தார்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு குற்றச்சாட்டை இனி நானே எழுப்ப வேண்டும். என் பார்வையில் பௌரி செய்தவற்றுள் மிகவும் குறையுடையது அந்தக் குடல் நீர் நிகழ்ச்சிகூட அல்ல. 1980களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனின் தெற்காசியக் கடைகளில் கிடைத்த ஜிகினாவையும் வளையல்களையும் ஒட்டுக்கற்களையும் வாங்கி, இந்துக் கடவுளரின் படங்களைப் பார்த்து முகத்தில் நீலமும் பச்சையும் பூசி, ஒரு தோற்றத்தை அவர் உருவாக்கினார். பார்க்க அழகான தோற்றம், அதை மறுக்கவில்லை. ஆனால் தெற்காசியர்களைத் தெருவில் துரத்தியவர்கள் வாயிலிருந்து வந்த வசைச்சொல்லையே எடுத்து, அந்தத் தோற்றத்துக்குப் பெயராகச் சூட்டினார். அவர் பின்னாளில் குடியேறிய வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், 1978 மே 4 அன்று, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற இளம் வங்காளி குத்திக் கொல்லப்பட்டார். அவர் ஓர் ஆடைத் தொழிலாளி. பத்து நாள் கழித்து, அவருடைய சவப்பெட்டியின் பின்னால் ஆயிரக்கணக்கான மக்கள் பிரதமர் இல்லத்தை நோக்கி நடந்தார்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தஞ்சம் தேடி லண்டனுக்குப் போன தமிழர்களின் காதிலும் அதே வசைச்சொல்தான் விழுந்தது.

அந்த நீலத்தை அவர் இரவு முடிந்ததும் கழுவிவிட முடிந்தது. அந்தச் சொல்லைத் தோலில் சுமந்து பேருந்துக்காகக் காத்து நின்றவர்களுக்கு அது முடியாது. தன்னுடையதல்லாத ஒரு காயத்தை எடுத்து அலங்காரமாக அணிந்துகொண்டபோது அவர் எதையும் பணயம் வைக்கவில்லை. கலகக்காரர்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் அவருடைய ரசிகர்கள் பலர் இதை 'அக்காலத்து விளையாட்டு' என்று கடந்துபோகிறார்கள். என்னால் கடந்துபோக முடியவில்லை. அவரை உண்மையாக மதிப்பவர்கள்தான் இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

உங்களை அருவருக்க வைத்த அந்தப் பிரசவக் காட்சி எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய தோழியும் உதவியாளருமான நிக்கோலா பேட்மன், அவருடைய உடைக்குள் தலைகீழாக, வார்களால் அவர் வயிற்றோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பார். அந்த எடையைச் சுமந்தபடியே பௌரி மேடைக்கு வந்து பாடுவார். யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். பாட்டின் நடுவே அவர் மல்லாந்து படுக்க, அவர் கால்களுக்கு இடையிலிருந்து, செயற்கை ரத்தம் பூசிய உடலோடும் தொப்புள்கொடியாகக் கோத்த சாசேஜ் துண்டுகளோடும் பேட்மன் வெளியே வருவார். நியூயார்க்கின் விக்ஸ்டாக் டிராக் விழாவில் 1993இல் இதை நிகழ்த்தினார்கள். இருவரும் பேசி, ஒத்திகை பார்த்து, ஒருவர் உடலை மற்றவர் நம்பிச் செய்தது அது. அந்த ஆண்டு தொடங்கிய மின்டி என்ற இசைக்குழுவிலும் பேட்மன் இருந்தார். 1994 மே மாதம் இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள். தனக்கு எச்ஐவி தொற்று இருப்பதை பௌரி ஆண்டுக்கணக்கில் மிக நெருங்கிய ஓரிருவரைத் தவிர எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். மின்டியோடு அவர் கடைசியாக மேடையேறியது 1994 நவம்பரில். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று, 33 வயதில் இறந்தார். அந்தப் பிரசவக் காட்சியில் எனக்குத் தெரிவது பெண்களைப் பற்றிய கேலி அல்ல. தன் உடலால் இன்னும் என்னவெல்லாம் ஆக முடியும் என்று, அதன் நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தபோதும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் மகளைத் தடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புகைப்படங்களை விட்டுவிட்டு உடைகளிலிருந்து அவள் தொடங்கட்டும். கொண்டை ஊசிகளை நெருக்கமாக வைத்துத் தைத்த அந்த ஜீன்ஸ் மேலங்கியையும், பேட்மன் கையால் கோத்த ஜிகினா வேலைகளையும், உடலின் வடிவையே மாற்றிய, இடையை இறுக்கும் கோர்செட் உள்ளுடையின் வெட்டுகளையும் ஒரு தையல்காரியின் கண்ணோடு அவள் பார்த்தால், அதிர்ச்சியைப் பற்றி மட்டும் எழுதியவர்கள் தவறவிட்ட உழைப்பு அவளுக்குப் புலப்படும். பிறகு ஒருநாள் ஒயிட்சேப்பலில் அல்தாப் அலியின் பெயரைத் தாங்கிய பூங்காவுக்கும் போய்வரச் சொல்லுங்கள். அந்த நீல முகத்துக்கு ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் வேண்டும். அதை எழுத அவளைவிடத் தகுதியானவர் அந்த வகுப்பில் பலர் இருக்க மாட்டார்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், வாசிக்க ஆவலோடு இருக்கிறேன்.

அன்புடன்