பழைய சைக்கிளுக்கு வீட்டிலேயே குறைந்த செலவில் பெயிண்ட் அடிக்க முடியுமா?

தாராளமாக முடியும். அப்பா ஓட்டிய ஹெர்குலஸுக்கு நான்தான் அடித்தேன். காசு அதிகம் போகாது, தேய்த்துத் தேய்த்துக் கைதான் கழன்றுவிடும்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டை, அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின் அசையவில்லை என்றால் சுத்தியலோடு மல்லுக்கட்டாமல் சைக்கிள் கடையில் கொடுத்துவிடுங்கள். மரை உள்ள இடங்களில் துணி திணித்து மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். மரைக்குள் பெயிண்ட் இறங்கினால் திரும்ப மாட்டும்போது பேரிங் கப் (பால்ஸ் உட்காரும் கிண்ணம்) ஏறாது.

பழைய பெயிண்டை முழுக்கச் சுரண்டச் சொல்வார்கள், தேவையே இல்லை. கெட்டியாக ஒட்டியிருப்பது அப்படியே இருக்கட்டும். துருப்பிடித்த இடத்தை மட்டும் 80 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் தொட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மற்ற இடங்களில் 220 நம்பரால் அதேபோல் தேய்த்து மினுமினுப்பை எடுத்தால் போதும். அந்தக் காலத்து பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசு கிளப்பாதீர்கள். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த இரும்பு சீக்கிரமே மறுபடி செம்பழுப்பாகும். அதனால் துடைத்து, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் (துரு வராமல் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள்.

ஸ்ப்ரேயா, பிரஷ்ஷா? என் ஓட்டு பிரஷ்ஷுக்குத்தான். ஃபிரேம் குழாய் ஒல்லி, ஸ்ப்ரே டின்னில் பாதி காற்றோடு போய்விடும். பழைய எனாமல் மேல் சில ஸ்ப்ரேக்கள் பட்டால் அது சுருங்கி அப்பளம் மாதிரி எழும்பவும் செய்யும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்ன எனாமல் டின், ஒரு இஞ்ச் பிரஷ், கொஞ்சம் டர்பன்டைன், அவ்வளவுதான். மெல்லிசாக இரண்டு கோட். தடியாக ஒரே கோட் அடித்தால் குழாயின் அடிப்பக்கம் சொட்டுச் சொட்டாக வழிந்து நின்றுவிடும்.

ஹேண்டில்பார் தண்டு இறங்கும் முன்பக்கக் குழாய் (ஹெட் டியூப்) வழியாகக் கம்பி விட்டுத் தொங்கவிட்டு அடியுங்கள். மரத்தடி வேண்டாம், பூவும் பூச்சியும் வந்து ஒட்டும். மழை நாளிலும் தொடாதீர்கள், பளபளப்பே வராது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு ராத்திரி விடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே மாட்டிவிடக் கூடாது, ஸ்பேனர் பட்டாலே பெயர்ந்து வரும். ஒரு வாரமாவது போகட்டும்.

அப்புறம், ஃபிரேமில் குத்தியிருக்கும் நம்பரின் மேல் பட்டி பூசி மூடிவிடாதீர்கள். வண்டி திருடுபோனால் அடையாளம் சொல்ல அது வேண்டும்.